ஐம்பத்தெட்டு மூட்டையும் இரண்டு ஜோடி ஸ்பீக்கரும்

இந்தக் காலத்து ஆட்கள் ஒரு மண்வெட்டி வாங்க வேண்டுமென்றாலும் போனைத் திறந்து, ஊர் பேர் தெரியாத எவனோ என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கிறார்கள். அவன் நாலு நட்சத்திரம் போட்டிருந்தால் வாங்குகிறார்கள். மூன்று போட்டிருந்தால் வேண்டாமாம். அவன் அந்த மண்வெட்டியால் ஒரு வரப்பாவது வெட்டியிருப்பானா? கூடத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிற மனுஷனை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அஞ்சாவதோடு நின்றவன், இவனுக்கு என்ன தெரியும் என்று நினைப்பு.

என் வீட்டிலும் அதேதான். இரண்டு வாரமாக என் மருமகளும் என் இளையவனும் போனைப் பார்த்துப் பார்த்து ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெரியவன் குணசேகரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி குந்தவை சென்னையில் ஆபீஸ் வேலை பார்த்தவள். என் வீட்டுக்காரி அகிலாண்டத்துக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது ஒரு மாதம் பார்த்துக்கொள்ள வந்தாள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. குடவாசலுக்கு மூன்று மைல் தள்ளி இருக்கிற எங்கள் ஊரில், கொல்லைப்பக்க அறையை எடுத்துக்கொண்டு, மைக் வைத்துப் புத்தகம் வாசிக்கிறாள். காதால் கேட்கிற புத்தகமாம். சென்னையில் ஒரு கம்பெனி அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கம்பெனி இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. "குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் குரலோடு அறையும் சேர்ந்து பேசுகிறது" என்று எழுதியிருந்தான். மூன்றாவது தடவைதான் கடைசி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதுவும் தேறாவிட்டால், பழைய ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடுவேன் என்றாள் குந்தவை.

"போறவங்களைப் பிடிச்சு வைக்க முடியுமா? போகட்டும்" என்று நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து அகிலாண்டம் குழம்புக்கு உப்புப் போட மறக்கிறாள். நானும் கேட்காமல் சாப்பிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமைதான் இந்த வாரம் சொல்லப்போவது.

காலையில் நான் எழுந்து போனபோதே கொல்லை அறையில் அண்ணியும் கொழுந்தனும் வாக்குவாதம். தஞ்சாவூர்க் கடைக்காரன் இரண்டு ஜோடி ஸ்பீக்கரைக் கொடுத்து, வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்து, பிடிக்காததைச் சனிக்கிழமை கடை சாத்துவதற்குள் திருப்பிக் கொடுங்கள் என்று அனுப்பியிருந்தான். இப்படி நம்பிக் கொடுக்கிற கடைக்காரன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அது வேறு விஷயம்.

ஒரு ஜோடி என் இடுப்பு உயரம். அதற்குத் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர், அரிசி மூட்டை கனம். இன்னொரு ஜோடி முழங்கை நீளம்கூட இல்லை. கறுப்பாக, எருமைக் கன்று மாதிரி இரண்டு பெட்டி. ஆம்ப்ளிஃபையர் அதற்குள்ளேயே அடக்கமாம். குந்தவை அந்தச் சின்னதை மேசைமேல் செங்கல் வைத்து, டிராக்டர் டியூபை வெட்டி அடியில் கொடுத்து, தன் காது உயரத்துக்கு ஏற்றியிருந்தாள்.

இளையவன் ராஜ்குமார் குடவாசலில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் அவன்தான். அவனுக்குப் பெரியதுதான் வேண்டும்.

"அண்ணி, ஆம்ப் தனியா இருந்தாதான் பவரு. நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம். உள்ளயே வச்சுப் பூட்டிட்டான்னா, மொத்தமா தூக்கிட்டுத் தஞ்சாவூர் ஓடணும்."

"நான் என்ன தேரா ஓட்டப்போறேன், தம்பி? மூணடி தள்ளி உக்காந்து கேக்கப்போறேன். இந்தப் பெட்டிக்கு எவ்வளவு பவர் வேணுமோ அதை அளந்து அவனே உள்ள வச்சிருக்கான். எனக்கு அது போதும்."

"அதுல கேட்டா உங்க குரலு சப்புன்னு இருக்கு."

"சப்புன்னு இருந்தா அப்படித்தான் சொல்லணும். உங்க பெட்டி எல்லாத்தையும் அழகாக்கிக் காட்டுது. தப்பு எங்க இருக்குன்னே தெரியலை. தெரிஞ்சாதானே திருத்த முடியும்?"

என்னைப் பார்த்துவிட்டாள். "மாமா, நீங்க சொல்லுங்க. எது நல்லா இருக்கு?"

இரண்டிலும் ஒரே வாசிப்பைப் போட்டுக் காட்டினாள். பெரியதில் அவள் குரல் பந்தலில் அறிவிப்புச் செய்கிற மாதிரி கம்பீரமாக வந்தது. சின்னதில் அவள் எச்சில் விழுங்கியது கேட்டது. பக்கம் திருப்பியது கேட்டது. வெளியே நான் செருமியதுகூட எங்கோ ஓரத்தில் கேட்டது.

"இது கோள் சொல்ற பெட்டியால்ல இருக்கு" என்றேன்.

குந்தவை சிரித்துவிட்டாள். "அதேதான் மாமா! அதுக்குத்தான் இது."

"எனக்கு மூடி வச்ச எதுலயும் நம்பிக்கை கிடையாது. ஆம்ப்ளிஃபையர் கண்ணுக்குத் தெரியுதே, அதை வாங்கு."

"பாத்தீங்களா, அப்பா என் கட்சி" என்றான் ராஜ்குமார்.

"நான் யாரு கட்சியும் இல்லை. டிராக்டர் வந்தாச்சா பாரு."

டிராக்டர் எதற்கு என்று சொல்ல வேண்டும். சம்பா அறுத்து ஐம்பத்தெட்டு மூட்டை. ஐப்பசி மழையில் நெல் வைக்கிற கொட்டகை ஒழுகிவிட்டது. கொள்முதல் நிலையத்துக் களத்தில் திறந்தவெளியில் போட்டுவிட்டு, தார்ப்பாயை மூடிவிட்டுத் தூங்க எனக்கு மனசு வராது. ஆகையால் குந்தவையின் அறையிலேயே பின்சுவர் ஓரமாகவும் இரண்டு மூலையிலும் தலை உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தேன். அவளும் மேசையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதினெட்டு நாள் காத்திருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோக்கன் வந்தது. சனிக்கிழமை உன் நெல்லைக் கொண்டு வா என்று. அவள் வாசிக்க வேண்டிய பக்கங்களும் அதே சாயங்காலம்தான் கம்பெனியிலிருந்து வந்தன.

ஒன்பது மணிக்கு அறிவுச்செல்வன் டிராக்டரோடு வந்தான். என் சித்தப்பா மகன் வழியில் பிள்ளை முறை. லோடு ஆள் இரண்டு பேர். ஒரு மணி நேரத்தில் அறையைக் காலி செய்துவிட்டார்கள். குந்தவை விளக்குமாறு எடுத்துச் சிந்திய நெல்லைக் கூட்டி, ஒரு படிக்கு மேல் தேற்றி, முந்தானையில் கொண்டுவந்து மூட்டையில் போட்டாள்.

"போயிட்டு வாங்க மாமா. குடை எடுத்துக்கிட்டீங்களா? வானம் ஒரு மாதிரியா இருக்கு."

"மாசி மாசத்துல எவன் குடை எடுப்பான்" என்றேன். ஆனால் எடுத்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்வது நான் பார்த்ததில்லை. அகிலாண்டம் சொன்னது. அவள் கூட்டியும் சொல்வாள், குறைத்தும் சொல்வாள், ஆனால் இதில் பொய் இல்லை என்று பின்னால் தெரிந்தது.

நான் போனதும் குந்தவை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பக்கம் வாசித்துப் பதிவு செய்திருக்கிறாள். சின்னப் பெட்டியில் போட்டுக் கேட்டால், அவள் குரலே இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு முனகல். நேற்றுவரை கண்ணாடி மாதிரி இருந்தது.

"நான் சொன்னேன்ல அண்ணி? உள்ள இருக்குற ஆம்ப் சூடேறிப் போச்சு. ரெண்டு வாரமா ஓட்டுனீங்கல்ல" என்று ராஜ்குமார் தன் பெரிய பெட்டியை இணைத்திருக்கிறான்.

அதில் போட்டால் இன்னும் மோசம். முனகல் இப்போது உறுமலாகிவிட்டது. அவன் ஒயரை மாற்றினான். ஆம்ப்ளிஃபையரில் திருகாத திருகு இல்லை. கடைக்காரனுக்குப் போன் போட்டு, நம்பிக் கொடுக்கிறேன்னு ஏமாத்திட்டியா என்று கத்தினான். அதில் மட்டும் என் ரத்தம்.

குந்தவை கத்தவில்லை. அறை நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டினாள். 'பட்' என்று போய், சுவரில் மோதி, 'பட் பட்' என்று திரும்பி வந்ததாம்.

"தம்பி, ரெண்டு ஜோடியும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமா?"

"போகாது."

"பெட்டி மேல தப்பில்லை. ரெண்டு வாரமா நல்லா இருந்துச்சே, அது பெட்டி வந்ததால இல்லை. அதே சமயத்துலதான் மாமா மூட்டையைக் கொண்டாந்து அடுக்கினாரு. நாமதான் பெட்டிக்குப் பெருமை கொடுத்துட்டோம். நெல்லு சத்தத்தைக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

ராஜ்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். பிறகு போனை எடுத்திருக்கிறான். "அப்பாவைத் திரும்பி வரச் சொல்றேன்."

"வேணாம்." பிடுங்கிக்கொண்டாள். "பதினெட்டு நாள் காத்திருந்து வந்த டோக்கன். இன்னிக்கு விட்டா மறுபடி எப்ப வருமோ. மழை வேற வரும்போல இருக்கு. என் வேலைக்கு அவரு நெல்லைப் பணயம் வைக்கச் சொல்லுவீங்களா? யாரும் மாமாகிட்ட மூச்சு விடக் கூடாது. அத்தை, உங்களுக்கும்தான்."

வீட்டில் இருந்த மெத்தை, போர்வை, ஜமக்காளம் எல்லாவற்றையும் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேல் சத்தம் குறைந்தது. அடியில் இருந்த முனகல் போகவில்லை. வைக்கோல் கட்டை அடுக்கலாம் என்றால், அந்தத் தூசி பட்டாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, பரண்மேல் இருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்தாளாம்.

அந்த நேரத்தில் நான் கொள்முதல் நிலைய வாசலில் டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். எனக்குப் பின்னால் கீழத்தெரு ரெத்தினம். அவனும் நானும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்குகிறவர்கள். நாற்பது வருஷமாக ஒருவரை ஒருவர் நம்பினது கிடையாது. அதனால்தான் இன்னும் சண்டை வராமல் இருக்கிறது.

"துரைராசு, உன் நெல்லு ஈரம் எவ்வளவு இருக்கும்?"

"ஈரமா? என் நெல்லுலயா? கடிச்சா உன் பல்லு போயிடும். ரெண்டு ஆள் வச்சு அஞ்சு வெயில் காட்டியிருக்கேன்."

"ஆமாமா, உன் நெல்லுன்னா சும்மாவா" என்று பக்கத்திலிருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அப்போதுதான் போன் வந்தது. அகிலாண்டம். குழாயடியிலிருந்து பேசுகிறாள் போல, பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"இந்தாங்க, சத்தமா பேசாதீங்க."

"நான் பேசவே இல்லையேடி."

"குந்தவை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா."

"சொல்லக் கூடாதுன்னா நீ ஏன் சொல்ற?"

"என்னால அடக்க முடியலைங்க." அவள் குரல் உடைந்துவிட்டது.  பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டையை, முனகலை, கை தட்டியதை, சூட்கேஸை.

"நெல்லு சத்தத்தைக் குடிக்குதாமா?" என்றேன். "யார் காதுல பூ சுத்துறீங்க?"

"எனக்கு என்னங்க தெரியும். அந்தப் பொண்ணு சூட்கேஸைத் துடைக்குது. எனக்கு அதுதான் தெரியுது." போனை வைத்துவிட்டாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். ராஜ்குமார் ஏதாவது கட்டிவிட்டிருப்பானோ? ஆனால் அவனுக்கு இதில் என்ன லாபம். அடுத்து வந்தது கோபம். என்னைக் கேட்டிருக்கலாம் இல்லையா? எதிரிலேயே நின்று குடையைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவளுக்கு, போனில் ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதா?

கேட்டிருந்தால் திரும்பி வந்திருப்பேனா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். வந்திருக்கமாட்டேன். கத்தியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது தெரிந்தும், காலையில் சிந்திய நெல்லை ஒரு மணி விடாமல் கூட்டி முந்தானையில் கொண்டுவந்து போட்டாள்.

முன்னால் ஒரு ஆள் முடிந்து, பட்டியல் எழுத்தர் அடுத்தவனைக் கூப்பிட்டார். இன்னும் ஒருவன். அப்புறம் நான்.

"அறிவு, வண்டியைத் திருப்பு."

"எங்க பெரியப்பா? எடை மேடை பக்கமா?"

"வீட்டுக்கு."

அவன் என் முகத்தையே பார்த்தான். "விளையாடுறீங்களா? லோடு ஆளுங்க என்னை அடிப்பாங்க."

"அடிச்சா வாங்கிக்க. திருப்புடா."

லோடு ஆட்கள் என்னை அடிக்கவில்லை, ஆனால் என் முன்னோர்கள் நாலு தலைமுறையை விசாரித்தார்கள். ரெத்தினம் ஓடி வந்தான்.

"யோவ், என்னய்யா ஆச்சு? நம்பர் வரப்போற நேரத்துல?"

என்ன சொல்ல? மருமகள் பெட்டிக்குப் பக்கத்தில் நெல் மூட்டை வைத்துப் புத்தகம் வாசிக்கிறாள் என்றா? கோடை முடிகிற வரைக்கும் டீக்கடையில் அதுதான் பேச்சாக இருக்கும்.

"ஈரம் இருக்கும்போல. இன்னும் ரெண்டு வெயில் காட்டணும்."

ஐம்பது வருஷமாக விவசாயம் பார்க்கிறேன். என் நெல்லை நானே ஈரம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

ரெத்தினம் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இப்பதானேய்யா என் பல்லு போயிடும்னே!" அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவன் டிராக்டர் என் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. வழி நெடுகிலும் அவன் சிரிப்பு என் முதுகிலேயே வந்தது.

வீட்டு வாசலில் டிராக்டர் நின்ற சத்தம் கேட்டுக் குந்தவை வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பி அகிலாண்டத்தைப் பார்த்தாள். அகிலாண்டம் வேப்பமரத்தில் ஏதோ குருவியைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் மாமா திரும்பி வந்துட்டீங்க?"

"ஈரமாம். வேணாம்னுட்டான்."

அவள் வண்டிக்குப் பக்கத்தில் போய், மூட்டை வாயில் விரலை விட்டு இரண்டு நெல்லை எடுத்து, பல்லில் வைத்துக் கடித்தாள். 'டக்' என்று கேட்டது. எனக்கே கேட்டது. காய்ந்த நெல்லுக்குத்தான் அந்தச் சத்தம். அவள் பட்டணத்தில் வளர்ந்தவள், இதை எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

உமியை உள்ளங்கையில் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அறிவுச்செல்வனிடம், பின்கதவைத் திறடா என்று கத்தினேன்.

"ஆமா மாமா" என்றாள் மெதுவாக. "ஈரமாத்தான் இருக்கு."

மூட்டையை இறக்கும்போது அவள்தான் மேஸ்திரி. "அண்ணே, மூலையில உச்சி வரைக்கும் வைங்க. இந்தப் பக்கம் ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன. நேரா சுவர் மாதிரி வேணாம்." லோடு ஆட்களுக்கு நெல்லை இப்படிக் கோணல்மாணலாக அடுக்கிப் பழக்கமில்லை. "இது என்ன அடுக்கு தாயி, சாஞ்சா எங்களைச் சொல்லக் கூடாது" என்றான் ஒருவன். அகிலாண்டம் எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். அதில் உப்பு சரியாக இருந்தது.

மூன்றரைக்குக் குந்தவை மறுபடி கை தட்டினாள். 'பட்' என்றது. அவ்வளவுதான். திரும்பி வரவில்லை.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆள் நிறைய நின்றால் அறையில் சத்தம் குறையாதா? அது மாதிரி ஏதோ. அதற்குப் போய் நெல்லு குடிக்கிறது என்பதா?

"மாமா, இப்ப ரெண்டு மணி நேரம் சத்தம் இல்லாம இருந்தா போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த இரண்டு மணி நேரம் நான் பட்ட பாடு. தெருமுனையில் வைக்கோல் கட்டுகிற மெஷின் வந்தது. போய் நிறுத்தினேன். ஏன் என்றான். என் தெரு, அதனால் என்றேன். பக்கத்து வீட்டு மாடு கத்தியது. அதற்கு நானே தண்ணீர் காட்டினேன். பழைய இரும்பு வாங்குகிறவன் வண்டியில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தான். கொட்டகையில் கிடந்த உடைந்த மோட்டார் மூடியைத் தூக்கி அவன் வண்டியில் போட்டு, வாயை மூடிக்கொண்டு இந்தத் தெருவைத் தாண்டு என்றேன். அவன் நல்லவன். வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான்.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள். சின்னப் பெட்டியில் போட்டாள். அறை பேசவில்லை. அவள் மட்டும் பேசினாள். ஒரு பெண் ஆற்றைக் கடந்து தன் தங்கையைப் பார்க்கப் போகிற கதை. அகிலாண்டம் கேட்டுக்கொண்டே முட்டியைத் தடவுவதை நிறுத்திவிட்டாள்.

முடிந்ததும் ராஜ்குமார் சொன்னான்: "சரி அண்ணி. நான் தோத்தேன்."

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. கிடைத்தது, திங்கட்கிழமை காலையில் சொல்கிறோம் என்று. அவ்வளவுதான். சரியா, தப்பா, ஒன்றும் இல்லை. சூட்கேஸ் துடைத்தபடி கூடத்திலேயே இருந்தது. யாரும் அதைப் பரணில் ஏற்றவில்லை.

"எந்த ஜோடியைத் திருப்பிக் கொடுக்குறதுன்னு முடிவு பண்ணணும்" என்றாள் குந்தவை. "கடை சாத்துறதுக்குள்ள தம்பி கிளம்பணும். ஒரே ஒரு பரீட்சை பாக்கி. என் குரலை மட்டுந்தான் கேட்டிருக்கோம். ஆம்பிளைக் குரல் எப்படி வருதுன்னு பாக்கணும். மாமா, நீங்க உக்காருங்க."

"நானா? இவனைப் பேசச் சொல்லு. மைக்னா விடமாட்டான்."

"தம்பி மைக்கைப் பாத்தா கல்யாண வீட்டுல பேசுற மாதிரி பேசும். நீங்க சும்மா பேசுங்க. என்ன தோணுதோ, ரெண்டு வார்த்தை."

நாற்காலியில் உட்காரவைத்தாள். மைக் என் மூக்குக்கு நேரே. முன்னால் இருந்து பார்த்தால் துப்பாக்கி மாதிரி இருக்கிறது. பின்னால் ஐம்பத்தெட்டு மூட்டை. என் மூச்சே எனக்குக் கேட்டது.

"என்ன சொல்றது..." என்றேன். "சென்னையில தண்ணி நல்லா இருக்காது. கொசுவும் ஜாஸ்தி. அகிலாண்டத்துக்கு மாத்திரை எது காலையில, எது ராத்திரின்னு எனக்குத் தெரியாது. மூட்டை பாட்டுக்கு இங்கயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. வேணுங்கற வரைக்கும் இருக்கட்டும். அவ்வளவுதான்."

 குந்தவை தலையைக் குனிந்துகொண்டு ஏதோ பொத்தானை அழுத்தினாள்.

முதலில் பெரிய பெட்டியில் போட்டாள். ஆகா! மந்திரி பேசுகிற மாதிரி இருந்தது. சென்னையில் தண்ணி நல்லா இருக்காது என்று சொன்னால், நாளைக்கே சென்னைக்காரன் பயந்து சரி பண்ணிவிடுவான். அப்படி ஒரு அதிகாரம்.

"இதுதான் என் குரலு" என்றேன். "பாரு, என்ன தெளிவு."

பிறகு சின்னதில் போட்டாள்.

அதில் ஒரு கிழவன் பேசினான். வார்த்தை அதேதான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவன் மூச்சு தடுக்கியது. 'மாத்திரை' என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் நடுங்கியது. 'வேணுங்கற வரைக்கும் இருக்கட்டும்' என்று அவன் சொன்னது மூட்டையைப் பற்றிச் சொன்ன மாதிரியே இல்லை. வாசலில் நின்றுகொண்டு, போகாதே என்று யாரையோ கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"யாருடா அவன்?" என்றேன்.

"நீங்கதாம்பா" என்றான் ராஜ்குமார். அவனுக்கு எப்போதும் வருகிற சிரிப்பு வரவில்லை.

"நான் எப்ப இப்படிப் பேசினேன்?"

"எப்பவும் இப்படித்தாங்க பேசுறீங்க" என்றாள் அகிலாண்டம். "உங்களுக்கு மட்டுந்தான் கேக்கலை."

குந்தவை நிமிரவே இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். பரீட்சைக்கா, வேறு எதற்கா, எனக்குத் தெரியாது. அந்தக் கிழவன் மறுபடி சென்னைத் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தான்.

"பெரிய பெட்டியை வச்சுக்கோ" என்று எழுந்தேன். "அதுதான் சரியா சொல்லுது. இது ஏமாத்துது."

"இதையே வச்சுக்கறேன் மாமா" என்றாள் அவள், மூக்கடைத்த குரலில்.

பார்த்தீர்களா? கேட்டுவிட்டு, சொன்னால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

ராஜ்குமார் பெரிய பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கட்ட ஆரம்பித்தான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் மதகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். கொல்லைக் கதவைத் தாண்டிய பிறகும் உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். அது என் குரல் இல்லை.